பன்றிக் குட்டிகளுக்கு எந்தப் புண்ணாக்கு?

திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டாரங்களில் நிலக்கடலை மானாவாரியாகப் பயிராகிறது. அதனால் கடலைப் புண்ணாக்கு எளிதில் கிடைக்கிறது. வெண்பன்றி வளர்க்கும் சிறு விவசாயிகள் குட்டிகளுக்கும் அதையே போடுவது இயல்பு. ஆனால், பால் மறந்த குட்டிகள் கடலைப் புண்ணாக்கை வயிறாரத் தின்றும் எடை கூடாமல், மயிர் சிலிர்த்து நிற்பதுண்டு. வயிற்றுப் புழு போன்ற காரணங்கள் இல்லாதபோது, தீனியிலுள்ள புரதத்தின் தரத்தைக் கவனிக்க வேண்டும்.

அளவு ஒன்றே போதாது

பன்றிக்கு ஒற்றை இரைப்பை. ஆடு, மாடுகளின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் மட்டமான புரதத்தையும் நல்ல புரதமாக மாற்றித் தரும். பன்றிக்கு அந்த வசதி இல்லை. சதை வளரத் தேவையான அமினோ அமிலங்கள் தீனியிலேயே இருக்க வேண்டும். இவற்றில் முதலில் பற்றாக்குறையாவது லைசின். அது குறைந்தால் மற்றவை மிகுந்திருந்தும் பயனில்லை.

கடலைப் புண்ணாக்கு, சோயாப் புண்ணாக்கு இரண்டிலும் புரதம் 40 முதல் 45 சதவீதம் வரை உள்ளது. லைசினோ கடலையில் சுமார் 1.5 சதவீதம், சோயாவில் சுமார் 2.8 சதவீதம். ஆகவே 25 கிலோ கடலைப் புண்ணாக்கில் கிடைக்கும் லைசின் 375 கிராம். 25 கிலோ சோயாப் புண்ணாக்கில் 700 கிராம். 60 கிலோ மக்காச்சோளம் சேர்த்தாலும் மேற்கொண்டு 150 கிராம்தான் கிடைக்கும். குட்டிகளின் 100 கிலோ தீவனத்தில் ஏறக்குறைய 1 கிலோ லைசின் இருக்க வேண்டும். கடலைப் புண்ணாக்கை மட்டும் நம்பினால் குட்டி தேங்கிவிடுவது இதனால்தான்.

மற்ற புண்ணாக்குகள்

எள்ளுப் புண்ணாக்கில் மெத்தியோனின் அதிகம், லைசின் குறைவு. சோயாவுடன் சிறிதளவு சேர்க்கலாம். தேங்காய்ப் புண்ணாக்கில் புரதம் 20 சதவீத அளவே, நாரும் மிகுதி. அது வளர்ந்த பன்றிகளுக்கே ஏற்றது. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கிலுள்ள காசிப்பால் என்ற நச்சு குட்டிகளுக்கு ஆகாது. ஆமணக்குப் புண்ணாக்கும் வேப்பம் புண்ணாக்கும் வயலுக்கு எரு; தீவனம் அல்ல. பச்சைச் சோயா விதையில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு. வறுக்காமல், வேக வைக்காமல் கொடுக்கக் கூடாது.

பூஞ்சண நச்சு

ஆடியில் விதைத்த கடலை ஐப்பசி மழையில் அறுவடைக்கு வரும்போது காய்கள் நனைகின்றன. ஈரக் காயில் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உண்டாகிறது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்ததற்கு இந்த நச்சு கலந்த கடலைப் புண்ணாக்கே காரணம். பன்றிக் குட்டிகளின் ஈரலையும் இது கெடுக்கும். புண்ணாக்கை வேக வைத்தாலும் நச்சு போகாது. பூஞ்சணம் தெரியாத புண்ணாக்கிலும் நச்சு இருக்கலாம். ஆகவே, காய்களைக் குலுக்கினால் கலகலக்கும் வரை உலர்த்திய பின்பே ஆட்ட வேண்டும். புண்ணாக்கை மரச் சட்டத்தின் மேல், சுவரைத் தொடாமல் அடுக்கி, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். கட்டி பிடித்ததையும் நெடி அடிப்பதையும் கொடுக்கவே கூடாது. ஐயமிருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்தில் சோதித்துக் கொள்ளலாம்.

குட்டித் தீவனக் கலவை (100 கிலோவுக்கு)

மக்காச்சோளம் – 58 கிலோ
சோயாப் புண்ணாக்கு – 20 கிலோ
கடலைப் புண்ணாக்கு – 8 கிலோ
அரிசித் தவிடு (உமி கலவாதது) – 8 கிலோ
உப்பில்லாக் கருவாட்டுத் தூள் – 4 கிலோ
தாது உப்புக் கலவை – 1.5 கிலோ
உப்பு – 0.5 கிலோ

இதில் புரதம் சுமார் 20 சதவீதம், லைசின் ஏறக்குறைய 1 சதவீதம் இருக்கும். இரண்டு வார வயதில் சிறிது சிறிதாகப் பழக்கி, பால் மறந்த பிறகும் தொடர வேண்டும். தீனியை மாற்றும்போது ஒரு வார காலத்தில் படிப்படியாக மாற்றினால் கழிச்சல் வராது.

விடுதிகளில் மிஞ்சும் சோற்றில் புரதம் சொற்பம். நன்கு கொதிக்க வைத்து வளர்ந்த பன்றிகளுக்கு மட்டும் கொடுக்கலாம்.

செலவு கட்டுப்படியாகுமா?

சோயாப் புண்ணாக்கைக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் குட்டி தின்னும் தீனியின் அளவு குறைவு. தீனி சதையாகும் வேகமோ அப்போதுதான் அதிகம். குட்டி 35 கிலோ எடையைத் தாண்டிய பின் சோயாவைக் குறைத்து, நன்கு உலர்ந்த கடலைப் புண்ணாக்கைக் கூட்டிக் கொள்ளலாம். சோயாவுக்கான செலவைக் குட்டிப் பருவத்தில் செய்வதே சிறு விவசாயிக்கு ஆதாயம்.