இடுப்பெலும்பா, செயற்கை எலும்பா?

கேள்வி: சாரல் சமயத்தில் குற்றாலம் போய்த் திரும்பிய என் தம்பிக்கு பைக் விபத்து. முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு துண்டு சிதறிப்போயிற்று. இடுப்பெலும்பிலிருந்து எடுத்து வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். ஆய்வகத்தில் எலும்பு வளர்க்கிறார்களாமே, அது வரும்வரை காத்திருக்கலாமா?
- ஒரு வாசகி, அச்சன்புதூர்

பதில்: காத்திருக்க வேண்டாம், அம்மா. நீங்கள் கேள்விப்பட்டது நிஜம்தான். ஆனால் ஆய்வகத்தில் முதலில் உருவாக்குவது எலும்பை அல்ல, அது வளர்வதற்கான சாரத்தை. புடலைக்கொடிக்குப் பந்தல் போடுவது போன்றது அது. கொடி உயிரோடு இருந்தால்தான் பந்தலுக்குப் பயன்.

நம் எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கால்சியம் பாஸ்பேட் தாது. மீதியில் பெரும்பகுதி கொலாஜன் புரதம். அதனால்தான் ஹைட்ராக்சிஅபடைட் என்ற பீங்கானில் சாரம் செய்கிறார்கள். அதில் ஒன்றோடொன்று இணைந்த நுண்துளைகள் வேண்டும். 100 மைக்ரானுக்குக் குறைந்தால் செல்கள் நுழைவதே சிரமம். 300-க்கு மேல் இருந்தால் ரத்தக்குழாய்களும் நன்றாகப் படரும். புது எலும்பு வளர வளரச் சாரம் கரைய வேண்டும். சீக்கிரம் கரைந்தால் தாங்காது. கரையாமலே நின்றால் எலும்புக்கு இடம் கிடைக்காது.

ஆரியங்காவு கணவாயைத் தாண்டினால் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம். எலும்புக் குழிகளை நிரப்பும் பீங்கான்களையும் கால்சியம் பாஸ்பேட் சிமென்டையும் அங்கே உருவாக்கியிருக்கிறார்கள். வெள்ளாட்டின் தொடையெலும்பில் ஒரு துண்டை நீக்கி, சிலிக்கா பூசிய பீங்கானை வைத்தும் சோதித்தார்கள். ஆட்டின் மஜ்ஜை செல்களையும் சேர்த்து வைத்தபோது எலும்பு இன்னும் நன்றாக வளர்ந்தது. உயிருள்ள செல்கள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவே சான்று.

சிறு குழிகளை நிரப்ப இத்தகைய பொருள்கள் இன்றே பயன்படுகின்றன. உடல் பாரத்தைத் தாங்கும் காலில் ஒரு துண்டே இல்லாதபோது கதை வேறு. இடுப்பெலும்பில் சாரம், உயிருள்ள செல்கள், வளர்ச்சியைத் தூண்டும் புரதங்கள் மூன்றும் சேர்ந்தே கிடைக்கின்றன. தன் எலும்பு என்பதால் உடலும் ஏற்கும். எடுத்த இடத்தில் சில காலம் வலி இருக்கும், எடுக்கும் அளவுக்கும் எல்லை உண்டு. அதனோடு பீங்கான் துகள்களையும் கலக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

தம்பி பீடி, சிகரெட் பிடித்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். சர்க்கரை இருந்தால் கட்டுப்படுத்துங்கள். இரண்டுமே எலும்பு கூடுவதைத் தடுப்பவை. டாக்டர் குறித்த தேதியிலேயே அறுவை சிகிச்சையை முடித்துவிடுங்கள்.