பாலர் வகுப்பில் இருவர் பணி

அடுத்தடுத்த நிரைகளில் பால் வெட்டும் இருவரின் கைப்போக்கு ஒன்றாக இருப்பதில்லை. ஒருவர் விரைந்து சீவுவார். மற்றவர் நிதானமாகச் சீவுவார். ஆயினும், கத்தி பட்டையைக் கடந்து மரத்தைக் காயப்படுத்தக் கூடாது என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர். காயம் பட்டால் புதுப்பட்டை செவ்வையாக வளராது என்பதை நாம் அறிவோம். பாலர் பள்ளியில் பணியாற்றுவோர் நிலையும் இத்தகையதே.

மலேசியாவின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறையின் ஓர் அங்கமாக்கியது. கல்வி அமைச்சின் பாலர் வகுப்பு ஒன்றில் 25 பிள்ளைகள் வரை பயில்கின்றனர். ஓர் ஆசிரியரும் ஓர் உதவியாளரும் அவர்களைக் கவனித்துக் கொள்கின்றனர்.

இருவர் கூடிப் பணி செய்யுமிடத்தில் இருவகைப் போக்கு இருப்பது இயல்பு. ஒருவர் முன்கூட்டியே திட்டம் எழுதி அதன்படி நடப்பார். மற்றவர் பிள்ளையின் முகம் பார்த்து அந்நேரத்திற்கு ஏற்றதைச் செய்வார். ஒருவர் குறை கண்டவுடன் எடுத்துரைப்பார். மற்றவர் மனத்திலேயே வைத்துக் கொள்வார். இவற்றுள் எது உயர்ந்தது என்று வழக்காடுவதில் பயனில்லை. திட்டம் இல்லையேல் பாடம் நடவாது. முகம் பாராவிடில் பிள்ளை ஒட்டாது.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஐந்து வயதுப் பிள்ளை உணவு வேளையில் சோற்றைச் சிந்துகிறது. ‘தானே உண்ணப் பழகட்டும்’ என்கிறார் ஆசிரியை. ‘வயிறு நிறைய வேண்டுமே’ என்று ஊட்டி விடுகிறார் உதவியாளர். இருவர் நோக்கமும் நல்லதே. ஆனால், இன்று ஊட்டி நாளை மறுத்தால் பிள்ளை குழம்புகிறது. யாரிடம் அழுதால் காரியம் நடக்கும் என்பதையும் அது விரைவில் கற்றுக் கொள்கிறது. தானே உண்ணும் பழக்கம் மட்டும் வருவதில்லை.

இதற்கு வழி எளிது. முதலில் பிள்ளை தானே உண்ணட்டும். எஞ்சியதை உதவியாளர் ஊட்டட்டும். வாரந்தோறும் ஊட்டுவதைக் குறைத்து வரட்டும் என்று இருவரும் பேசி முடிவு செய்யலாம். பிள்ளைகள் வருமுன் பத்து நிமிடம் அமர்ந்து, அன்றைய வேலைகளில் எதை யார் செய்வது என்று பகிர்ந்து கொள்ளலாம். கருத்து வேறுபட்டால் பிள்ளைகள் எதிரில் மறுத்துப் பேசாமல், அவர்கள் வீடு திரும்பிய பின் பேசலாம். பேசத் தயங்குபவரின் கருத்தை முதலில் கேட்பது நலம்.

பெற்றோராகிய நமக்கும் இதில் பங்குண்டு. ஒருவரைப் பற்றி மற்றவரிடம் குறை கூறுதல் ஆகாது. ஐயம் எழுந்தால் இருவரையும் ஒருசேரக் கண்டு கேட்போம். வீட்டிலும் தாய் மறுத்ததைத் தந்தையோ பாட்டியோ மறைவில் கொடுத்தல் கூடாது. வளர்ப்போர் கைப்போக்கு வேறாகலாம். பிள்ளைக்குக் கூறும் சொல் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.