ஆள்காட்டியின் குஞ்சுகள்

நுழையும் முன்

கோடையின் தொடக்கம் பல பறவைகள் குஞ்சு வளர்க்கும் பருவம். அக்குஞ்சுகளைக் காணவும் படமெடுக்கவும் நமக்கு ஆவல் எழுவது இயல்பு. தில்லியில் வாழும் பறவை ஆர்வலர் ஒருவர் தம் பட்டறிவைக் கூறும் கட்டுரை இது. அவர் எந்த இடத்தில் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்கிறார் என்பதைக் கவனித்துப் படியுங்கள்.

பாடம்

வடஇந்தியாவில் கோடை தயங்கித் தயங்கி வருவதில்லை. ஹோலிப் பண்டிகைவரை இதமாக இருந்த தில்லியின் காலைப்பொழுது, சித்திரை பிறப்பதற்குள் முகத்தில் அறையும் வெயிலாகிவிடும். செம்மலர்களை உதிர்த்துவிட்ட இலவ மரங்கள் காய் வெடித்துப் பஞ்சைப் பறக்கவிடும். பின்னர் 'லூ' என்னும் அனல்காற்று வீசத் தொடங்கும். மனிதர் வீட்டுக்குள் ஒடுங்கும் இந்தப் பருவத்தில்தான் பறவைகள் பலவும் குடும்பம் வளர்க்கின்றன.

குஞ்சுகள் எல்லாம் ஒரே நிலையில் பிறப்பதில்லை. மைனா, கொண்டைக்குருவி, தேன்சிட்டு ஆகியவற்றின் குஞ்சுகள் கண் திறவாமலும் இறகு முளைக்காமலும் முட்டையிலிருந்து வெளிவருகின்றன. சில நாள்களுக்கு அவற்றின் உலகம் கூடு மட்டுமே. மயில், கௌதாரி, ஆள்காட்டி ஆகியவற்றின் குஞ்சுகளோ மென்தூவி போர்த்த உடலும் திறந்த கண்களுமாகப் பிறக்கின்றன. ஈரம் உலர்ந்த சில மணி நேரத்திலேயே பெற்றோரின் பின்னே நடக்கத் தொடங்குகின்றன. சாம்பல் இருவாச்சியின் முறை வியப்பானது. பெண்பறவை மரப்பொந்தினுள் புகுந்து, தன் எச்சத்தைக் கொண்டே வாயிலை அடைத்துக்கொள்ளும். எஞ்சிய சிறு பிளவின் வழியே ஆண்பறவை பழங்களைக் கொணர்ந்து ஊட்டும். தில்லியின் முதிர்ந்த மரங்களில் இக்காட்சியை இன்றும் காணலாம். மரத்தடியில் கூட்டம் கூடி நின்றால் ஆண்பறவை அஞ்சித் திரும்பிவிடும். உள்ளே அடைபட்டிருக்கும் தாய்க்கும் குஞ்சுக்கும் அந்த வேளை உணவில்லை.

நான் சொல்ல வந்தது ஆள்காட்டியைப் பற்றி. கண்ணுக்கு முன்னே சிவந்த சதைமடிப்பு, கருந்தலை, வெண்வயிறு, நீண்ட மஞ்சள் கால்கள். இதுவே சிவப்புமூக்கு ஆள்காட்டி. ஆள் வருவதைக் கூவிக் காட்டிக்கொடுப்பதால் தமிழில் இது ஆள்காட்டி எனப் பெயர் பெற்றது. இந்தியில் இதன் குரலை ஒட்டியே 'டிட்டஹரி' என்கிறார்கள். ஆங்கிலம் பேசுவோர் காதில் அதே குரல் 'டிட் ஹி டூ இட்', அதாவது 'அவனா செய்தான்?' என்னும் வினாவாக ஒலித்திருக்கிறது. வானம் இடிந்து விழுந்தால் தாங்கிக்கொள்வதற்காக இப்பறவை கால்களை மேலே தூக்கிக்கொண்டு உறங்கும் என்று வடநாட்டுச் சிற்றூர்களில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மேட்டு நிலத்தில் இது முட்டையிட்டால் அவ்வாண்டு மழை மிகும் என்னும் நம்பிக்கையும் உழவரிடையே உண்டு.

ஆள்காட்டி கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் சிறு பள்ளம் பறித்து, சுற்றிலும் கூழாங்கற்களை இட்டு, பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். கருந்திட்டுகள் படிந்த அம்முட்டைகள் மண்ணோடு மண்ணாகத் தோன்றும். அருகில் சென்றாலும் புலப்படா. தாயும் தந்தையும் மாறி மாறி ஏறத்தாழ 28 முதல் 30 நாள்கள் அடைகாக்கும். நிழலற்ற வெட்டவெளியில் அடைகாப்பது என்பது, கோடையில், சூடேற்றுவதைவிடச் சூடு தணிக்கும் வேலையே ஆகும். பெற்றோர் அருகிலுள்ள நீருக்குச் சென்று வயிற்றிறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளின்மேல் அமரும். குஞ்சு பொரித்த பின்னும் அந்த ஈரமும், உடலின் நிழலுமே குஞ்சுகளுக்குக் கூரை.

இவற்றையெல்லாம் நான் நூல்களில் படித்திருந்தேன். படித்திருந்தும் தவறு செய்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஏப்ரல் மாத இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. யமுனைக் கரையில் வெள்ளரித் தோட்டங்களை ஒட்டிய தரிசு நிலத்தில், பிறந்து இரண்டொரு நாளே ஆன நான்கு குஞ்சுகளைக் கண்டேன். என்னிடம் 400 மி.மீ. தொலைவில்லை பொருத்திய ஒளிப்படக் கருவி இருந்தது. பறவையின் கண்மட்டத்திற்குத் தாழ்ந்து எடுத்தால் படம் உயிர்ப்புடன் அமையும் என்பது ஒளிப்படக் கலையின் முதற்பாடம். எனவே தரையில் குப்புறப் படுத்து, ஊர்ந்து ஊர்ந்து, எட்டு மீட்டர் அளவுக்கு நெருங்கிவிட்டேன்.

பெற்றோர் இரண்டும் கூவின. கூவிய அளவில் நான்கு குஞ்சுகளும் அங்கங்கே தரையோடு ஒட்டிக்கொண்டு அசைவற்றுக் கிடந்தன. 'எவ்வளவு அழகாக ஒத்துழைக்கின்றன!' என்று மகிழ்ந்தேன். ஒரு பறவை சற்றுத் தள்ளி, சிறகு ஒடிந்ததுபோல் இழுத்து இழுத்து நடந்தது. பகைவரைத் தன் பின்னே ஈர்த்துச் செல்ல அது நடிக்கும் நாடகம் அது. அதையும் படமெடுத்தேன். வெயில் ஏறியது. நான் தொப்பி அணிந்திருந்தேன். புட்டியில் நீரும் இருந்தது.

மின்கலம் தீர்ந்து மாற்றும்போதுதான் மணியைப் பார்த்தேன். நான் படுத்து முப்பத்தைந்து நிமிடங்கள் ஆகியிருந்தன. எடுத்த படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். முதற்படங்களில் குஞ்சின் அலகு மூடியிருந்தது. பிற்படங்களில் திறந்திருந்தது. கருவியை உயர்த்தி நேரே நோக்கினேன். தொண்டை படபடவெனத் துடிக்க அது மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. அஞ்சி அசையாதிருந்ததை நான் ஒத்துழைப்பு என்று எண்ணியிருந்தேன். அதற்கு நிழல் தரவேண்டிய தாய், என்னால், முப்பது மீட்டருக்கு அப்பால் கூவியபடி நின்றது.

எழுந்து, பின்னோக்கி நடந்து, சாலையில் நிறுத்தியிருந்த காரின் மறைவுக்குச் சென்றேன். மூன்று நிமிடங்கள்கூட ஆகவில்லை. ஒரு பறவை வாய்க்காலுக்குப் பறந்து, வயிறு நனைய அமர்ந்து, திரும்பி வந்து தரையில் இறங்கித் தாழ்ந்த குரல் கொடுத்தது. குஞ்சுகள் ஓடிவந்து அதன் வயிற்றடியில் புகுந்தன. எண்ணினேன். மூன்று.

இருகண்ணோக்கியால் நெடுநேரம் தேடினேன். மறுநாள் விடியலிலும் சென்று, இம்முறை காரை விட்டு இறங்காமல், கண்ணாடியை மட்டும் இறக்கிப் பார்த்தேன். அப்போதும் மூன்றே. நான்காவதைப் பருந்து கொண்டுசென்றிருக்கலாம், தெருநாய் கவ்வியிருக்கலாம், ஆள்காட்டிக் குஞ்சுகளில் பல, மனிதர் எவரும் வராத இடத்திலும், பறக்கும் பருவத்தை எட்டுவதில்லை. அல்லது அந்த முப்பத்தைந்து நிமிடங்களே காரணமாக இருக்கலாம். அதை அறிய எனக்கு வழியில்லை.

அன்று காரிலிருந்து ஒரே ஒரு படம் எடுத்தேன். நாற்பது மீட்டர் தொலைவு. காய்ந்த புல்லும் மண்ணும் விரிந்த வெளியின் ஒரு மூலையில் தாய் நிற்கிறது. அதன் கால்களுக்கிடையே நாலைந்து கால்கள் கூடுதலாகத் தெரிகின்றன. போட்டியில் பரிசு பெறும் படமன்று. என் மேசைமேல் இருப்பது அதுதான்.

அதன்பின் என் பழக்கங்கள் சில மாறின. சூரியன் எழுந்த முதல் ஒன்றரை மணி நேரத்தோடு படப்பிடிப்பை முடித்துக்கொள்கிறேன். அந்த வேளையின் சாய்ந்த ஒளி படத்துக்கும் நல்லது, தரையும் சுடுவதில்லை. பெற்றோர் கூவத் தொடங்கினால் நான் நெருங்கிவிட்டேன் என்று பொருள். கூவல் நிற்கும்வரை பின்வாங்குகிறேன். நின்றிருக்கும் கார் நல்ல மறைவிடம். ஆளைக் கண்டு அஞ்சும் பறவை பெரும்பாலும் அதைப் பொருட்படுத்துவதில்லை. மின்னொளி பாய்ச்சுவதோ, பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து பறவையை வரவழைப்பதோ இல்லை. கூட்டை மறைக்கும் கிளையைப் படத்துக்காக விலக்கிக் கட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. அந்த இலைதான் குஞ்சுக்கு நிழல். காகத்தின் கண்ணிலிருந்து திரையும் அதுவே. கூட்டில் உள்ள பறவைகளின் படங்களைப் பல ஒளிப்படப் போட்டிகள் இப்போது ஏற்பதில்லை. நம் நாட்டின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ குலைப்பதையும் அச்சட்டம் 'வேட்டை' என்னும் சொல்லின் பொருளுக்குள் அடக்குகிறது. துப்பாக்கி ஏந்தாதவரும் வேட்டைக்காரர் ஆகக்கூடும்!

மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் ஐயம் ஒன்று உண்டு. பள்ளி மைதானத்தில் இறகு முளைத்த மைனாக் குஞ்சு தத்தித் தத்தித் திரிகிறது, கூட்டிலிருந்து விழுந்துவிட்டதா? பெரும்பாலும் அது விழவில்லை. கூட்டை விட்டு வெளியேறிப் பறக்கப் பழகுகிறது. பெற்றோர் அருகிலேயே இருந்து இரை ஊட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் விலகினால்தான் அவை வரும். பூனையோ நாயோ அருகிலிருந்தால் குஞ்சை மெல்ல எடுத்துப் பக்கத்துப் புதரின்மேல் வைத்துவிட்டு அகலலாம். மனிதர் தொட்ட குஞ்சைத் தாய் ஏற்காது என்பது வெறும் நம்பிக்கையே. வீட்டுக்கு எடுத்துச் சென்று சோறும் பாலும் ஊட்டுவதுதான் அதற்குத் தீங்கு.

ஜூன் மாத முதல் வாரத்தில் மீண்டும் யமுனைக் கரைக்குச் சென்றேன். வெள்ளரிக் கொடிகள் காய்ந்திருந்தன. மங்கிய நிறமும் வெளுத்த தொண்டையுமாக மூன்று இளம்பறவைகள் வாய்க்கால் ஓரம் மேய்ந்துகொண்டிருந்தன. நான் காரின் கதவைத் திறந்தேன். ஒரு காலைத்தான் வெளியே வைத்தேன். பெரிய பறவை கூவியது. மூன்றும் இம்முறை தரையில் ஒட்டவில்லை. எழுந்து, தாழப் பறந்து, அக்கரை மணலில் இறங்கின.

சொல்லும் பொருளும்

பட்டறிவு – அனுபவம்
மென்தூவி – மிருதுவான சிற்றிறகு
தரிசு – பயிரிடப்படாத நிலம்
ஐயம் – சந்தேகம்

சிந்தித்து விடை எழுதுக

1. 'ஆள்காட்டி' என்பது காரணப்பெயர். அப்பெயர் அமைந்த காரணத்தை எழுதுக. உங்களுக்குத் தெரிந்த வேறு இரண்டு பறவைகளின் காரணப்பெயர்களைக் கூறுக.

2. குஞ்சுகள் அசைவற்றுக் கிடந்ததைக் கட்டுரையாளர் முதலில் எவ்வாறு புரிந்துகொண்டார்? பின்னர் அவர் எண்ணத்தை மாற்றியது எது?

3. நான்காவது குஞ்சு காணாமற்போனதற்குக் கட்டுரையாளர் தம்மையே காரணமாகக் கருத வேண்டுமா? உங்கள் கருத்தைக் காரணத்துடன் பத்து வரிகளில் எழுதுக.

4. உங்கள் பள்ளி வளாகத்தில் ஒரு பறவையை ஒரு வாரம் காலையில் பத்து நிமிடம் தொலைவிலிருந்து உற்றுநோக்குங்கள். நாள், நேரம், பறவை செய்தவை, நீங்கள் நின்ற தொலைவு ஆகியவற்றை ஏட்டில் குறித்து வகுப்பில் படித்துக்காட்டுக.