பிரவுசர் டேப்களை உங்கள் வசதிக்கு மாற்றுவது எப்படி? புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

காலையில் மெயில், வாட்ஸ்அப் வெப், கணக்குத் தாள் என்று நாலைந்து டேப்களோடு வேலையைத் தொடங்குகிறோம். மதியத்துக்குள் அவை முப்பதாகி, பெயரெல்லாம் மறைந்து குட்டி ஐகான்கள் மட்டும் மிஞ்சுகின்றன. வேண்டிய பக்கத்தைத் தேடுவதே தனி வேலையாகிவிடுகிறது. இதற்குப் புதிய மென்பொருள் எதுவும் வேண்டாம்; பிரவுசரிலேயே வழி இருக்கிறது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் உள்ள கூகுள் குரோமை வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: திறந்ததும் என்ன வர வேண்டும்?

வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைக் கிளிக் செய்து ‘செட்டிங்ஸ்’ போங்கள். இடப்பக்கப் பட்டியலில் ‘ஆன் ஸ்டார்ட்அப்’ இருக்கும். அதில் மூன்று வழிகள் உண்டு:

• வெறும் புதிய டேப்
• கடைசியாக விட்ட இடத்திலிருந்து தொடர்வது
• நாமே சொல்லும் பக்கங்கள்

தினமும் ஒரே பக்கங்களில் வேலை செய்பவருக்கு மூன்றாவதுதான் சரி. அந்தப் பக்கங்களை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு ‘யூஸ் கரன்ட் பேஜஸ்’ கொடுத்தால் போதும், முகவரிகளை டைப் செய்ய வேண்டியதில்லை.

கவனம்: பலர் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அடுத்து வருபவர் திறக்கும்போது உங்கள் கணக்கு லாகின் ஆன நிலையிலேயே வந்து நிற்கக்கூடும்.

படி 2: முக்கியமானதைப் ‘பின்’ செய்யுங்கள்

நாள் முழுக்கத் தேவைப்படும் டேப்பின் மேல் ரைட் கிளிக் செய்து ‘பின்’ கொடுங்கள். அது இடது ஓரத்துக்குப் போய் ஐகானாகச் சுருங்கிவிடும். மூடும் பெருக்கல் குறி அதில் இருக்காது என்பதால், கை தவறி மூடிவிடும் அபாயம் குறைவு. இரண்டு மூன்றுக்கு மேல் பின் செய்தால் பயன் போய்விடும்.

படி 3: வேலைவாரியாகக் குழுவாக்குங்கள்

2020இல் குரோமுக்கு வந்த வசதி இது. கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி ஒரே வேலைக்கான டேப்களை ஒவ்வொன்றாகக் கிளிக் செய்யுங்கள். பிறகு ரைட் கிளிக் செய்து, புதிய குழுவில் சேர்க்கும் தேர்வைக் கொடுங்கள். ‘கணக்கு’, ‘பயணம்’ என்று தமிழிலேயே பெயர் வைத்து, நிறமும் கொடுக்கலாம். குழுப் பெயரைக் கிளிக் செய்தால் உள்ளே இருப்பவை மடங்கும். மறுபடி கிளிக் செய்தால் விரியும்.

படி 4: கம்ப்யூட்டர் திணறினால்

செட்டிங்ஸில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதிக்குப் போய் ‘மெமரி சேவர்’ வசதியை ஆன் செய்யுங்கள். வெகுநேரம் தொடாத டேப்களைக் குரோம் உறங்க வைத்து மெமரியை விடுவிக்கும். டேப் மறையாது, கிளிக் செய்தால் பக்கம் மீண்டும் லோட் ஆகும். பாட்டு ஓடும் டேப், டவுன்லோட் நடக்கும் டேப் போன்றவற்றை அது தொடாது. எப்போதும் விழித்திருக்க வேண்டிய தளங்களை அங்கேயே பட்டியலில் சேர்த்துவிடலாம். எட்ஜ் பிரவுசரில் இதன் பெயர் ‘ஸ்லீப்பிங் டேப்ஸ்’.

படி 5: இந்த நான்கு கீகளைப் பழகுங்கள்

• கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டி (டேப் என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து): மூடிய டேப் திரும்பி வரும். மீண்டும் அழுத்தினால் அதற்கு முன் மூடியதும் வரும்.
• கன்ட்ரோல் + டேப் கீ: அடுத்த டேப்.
• கன்ட்ரோல் + 1 முதல் 8 வரை: அந்த எண்ணில் உள்ள டேப், 9 என்றால் கடைசி டேப்.
• கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஏ: திறந்திருக்கும் டேப்களில் பெயரை டைப் செய்து தேடலாம்.

மறைவு (இன்காக்னிட்டோ) விண்டோவில் மூடிய டேப் மட்டும் இப்படித் திரும்ப வராது.

படி 6: டேப்களைப் பக்கவாட்டில் அடுக்க

அகலமான திரை உள்ளவர்களுக்கு டேப்களை இடப்பக்கம் மேலிருந்து கீழாக அடுக்குவது வசதி. பெயர் முழுதாகத் தெரியும். எட்ஜில் 2021 முதலும், ஃபயர்ஃபாக்ஸில் 2025 முதலும் இந்த வசதி இருக்கிறது.

முடிவாக

டேப்கள் பெருகுவதற்குக் காரணம் பெரும்பாலும் பயம்தான்: மூடினால் தொலைந்துவிடுமோ என்ற பயம். தொலையாது. பிறகு படிக்க வேண்டியதை, முகவரிப் பட்டையில் உள்ள நட்சத்திரத்தை அழுத்தி புக்மார்க் செய்துவிட்டு மூடுங்கள். ஆறு படிகளையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். இன்று முதல் படியையும் இரண்டாம் படியையும் மட்டும் செய்து பாருங்கள். நாளைக் காலை, பிரவுசரைத் திறந்ததும் வேலையைத் தொடங்கிவிடலாம்.