சம்மன் வந்த வீட்டில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் சான்ட்ரோ கார்கள் உருவாகத் தொடங்கின. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் கார் ஆலை வந்தது. ஆலைகள் வரவர நிலத்தின் விலை ஏறி, ஏக்கர் கணக்கில் பேசிய நிலத்தைச் சதுர அடிக் கணக்கில் பேச ஆரம்பித்த பிறகு, கூடப்பிறந்தவர்களுக்குள் பாகம் கேட்டு வழக்கு நடப்பது இந்தப் பக்கத்தில் சகஜமாகிவிட்டது. நியாயம் தங்கள் பக்கம் இருந்தும், கோர்ட்டில் சொன்ன ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல் கெடுவைத் தவறவிடுகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

• சம்மன் வந்தால் வாங்குங்கள். மறுத்தாலும் சேர்ந்துவிட்டதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். நீங்கள் நைட் ஷிப்டில் இருக்கும்போது வீட்டில் அம்மாவோ மனைவியோ கையெழுத்துப் போட்டு வாங்கினாலும் செல்லும். வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். உங்கள் பதிலான எதிர்வழக்குரையைத் தாக்கல் செய்ய வேண்டிய 30 நாள் அன்றிலிருந்து ஓடத் தொடங்குகிறது. நீதிபதி அனுமதித்தால் 90 நாள் வரை நீளும். தக்க காரணம் இருந்தால் அதற்குப் பிறகும் ஏற்கலாம் என்று சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-ல் சொல்லியிருக்கிறது. அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

• எழுவினாக்களின் நகலைக் கேட்டு வாங்குங்கள். சொத்து பூர்வீகமா, அப்பாவின் சுயசம்பாத்தியமா? வாய்மொழிப் பாகப்பிரிவினை நடந்ததா, இல்லையா? இப்படி நீதிபதி வகுக்கும் கேள்விகள்தான் எழுவினாக்கள். மொத்த விசாரணையும் இவற்றின் மேல்தான் நடக்கும். எதை நிரூபிக்கும் பொறுப்பு யார் தலையில் இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் வக்கீலிடம் கேளுங்கள்.

• மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் தேடி எடுங்கள். பட்டா வருவாய்த் துறைப் பதிவு மட்டுமே. அதை வைத்து மட்டும் உரிமையை நிலைநாட்ட முடியாது.

• நிரூபண வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுமுன் பத்தி பத்தியாகப் படியுங்கள். உங்கள் முதல் விசாரணையே அந்தத் தாள்தான். குறுக்கு விசாரணையில் கேள்விகள் அதிலிருந்துதான் முளைக்கும்.

• குறுக்கு விசாரணைக்குக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கூண்டில் ஏறியதும் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார்: “தாவா சொத்தில் (வழக்கில் உள்ள சொத்தில்) உங்கள் அண்ணன்தான் பயிர் வைத்து வரி கட்டி வருகிறார் என்று சொன்னால் சரிதானே?” மரியாதைக்குத் தலையாட்டினால், “சொன்னால் சரிதான்” என்று தட்டச்சாகிவிடும். பயிர் வைத்தது அண்ணன், வரி கட்டியது அப்பா என்றால் அப்படியே பிரித்துச் சொல்லுங்கள். தெரியாததற்குத் தெரியாது என்பதே பதில். பதிவானதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தவறு இருந்தால் அந்த நிமிடமே நீதிபதியிடம் சொல்லுங்கள்.

• வழக்கின் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை வாங்கி இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டு வையுங்கள். அடுத்த வாய்தா என்றைக்கு என்று பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

செய்யக்கூடாதவை

• “எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது” என்று காதில் விழுந்தால் அடுத்த வாய்தாவில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். நீங்கள் வராததால் உங்களை விட்டுவிட்டு வழக்கு நடக்கிறது என்று அர்த்தம். தீர்ப்பாணையே ஆகிவிட்டால், அதை ரத்து செய்யக் கேட்டு மனுப் போட 30 நாள்தான். சம்மன் முறையாகச் சேரவே இல்லையென்றால் மட்டும், விஷயம் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கணக்கு தொடங்கும்.

• முதல்நிலைத் தீர்ப்பாணை கிடைத்ததும் நிலம் கைக்கு வந்ததாக நினைக்காதீர்கள். யாருக்கு எத்தனை பங்கு என்பதைத்தான் அது சொல்கிறது. இறுதித் தீர்ப்பாணைக்கு மனுப் போட்டு, வழக்கறிஞர் ஆணையர் வந்து அளந்து, அதன்பின் தேவைப்பட்டால் நிறைவேற்று மனுவும் போட்டால்தான் உங்கள் துண்டு உங்களுக்கு.

• கல்யாணமாகிப் போன பெண்ணுக்குப் பங்கில்லை என்பதைக் கேட்டு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 2005-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பூர்வீகச் சொத்தில் மகளும் மகனைப் போலப் பிறப்பாலேயே பங்காளி. திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்த்துச் சொல்லிவிட்டது.

• வாட்ஸ்அப் பேச்சைப் பிரின்ட் எடுத்து நீட்டினால் போதும் என்று எண்ணாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழும் வேண்டும். அந்த போனையும் விற்றுவிடாதீர்கள்.

• லோக் அதாலத்தில் அவசரத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டிய கோர்ட் கட்டணம் திரும்ப வரும், உண்மைதான். ஆனால் அந்தத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது.

வக்கீலுக்குப் பணமில்லை என்று வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவில், இலவச சட்ட உதவி பெறத் தகுதி உள்ளவர்களாகப் பெண்களும், பட்டியல் சாதி, பழங்குடியினரும், தொழிற்சாலைத் தொழிலாளர்களும் தனித்தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறார்கள். இவர்களுக்கு அந்தச் சட்டம் வருமான வரம்பு வைக்கவில்லை. சம்மன் வந்த வாரத்திலேயே 15100 என்ற சட்ட உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.