உதகைக் குளிரில் வெண்பொங்கல்

கேள்வி: மார்கழி, தை மாதங்களில் உதகையில் திறந்த பாத்திரத்தில் வெண்பொங்கல் வைத்தால், அரிசி குழைந்த பிறகும் பாசிப்பருப்பு மசியாமல் நிற்கிறது. சமவெளியில் அதே அளவில், அதே நேரத்தில் நன்றாக வருகிறது. காரணம் என்ன? பொங்கலில் சேரும் மிளகு உடலை உண்மையிலேயே சூடாக்குகிறதா?
– ஒரு வாசகி, உதகமண்டலம்

பதில்: குறை அரிசியிலோ பருப்பிலோ கைப்பக்குவத்திலோ இல்லை, ஊரின் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் காற்றழுத்தம் குறைவு என்பதால், சமவெளியில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் நீர் அங்கே ஏறக்குறைய 92 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. அதன்பின் அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் நீர் விரைந்து வற்றுமே தவிர, அதன் வெப்பநிலை உயராது. அரிசியின் மாவுச்சத்து நீரை உறிஞ்சி உப்பிக் குழைவது 80 பாகைக்குள்ளாகவே நிகழ்ந்துவிடுவதால், அரிசிக்கு அந்தச் சூடு போதுமானது. பருப்போ, அதன் செல்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் பெக்டின் என்னும் பசைப்பொருள் இளகினால்தான் மசியும். வெப்பநிலை சில பாகை குறைந்தாலே இந்த இளக்கம் வெகுவாக மந்தப்பட்டுவிடுகிறது.

ஆகவே, மலையூரில் திறந்த பாத்திரத்தைப் பயன்படுத்துவோர், வாசம் வரும் அளவுக்கு மட்டும் வறுத்த பாசிப்பருப்பை முதலில் தனியே வேகவைத்து, அது முக்கால் பதம் அடைந்த பின்னரே அரிசியைச் சேர்ப்பது நல்லது. குக்கரில் நீராவி வெளியேறாமல் அடைபட்டு அழுத்தம் கூடுவதால், கொதிநிலை உதகையிலும் 100 பாகையைத் தாண்டிவிடும்; அங்கே ஒரு பங்கு அரிசி, அரைப்பங்கு பருப்பு, ஐந்து பங்கு நீர் என்ற அளவில் இரண்டையும் ஒன்றாகவே வைக்கலாம், சமவெளியைவிடச் சிறிது நேரம் கூடுதலாக விட்டால் போதும். அரிசி பச்சரிசியாகவே இருக்க வேண்டும். நெல்லாக இருக்கும்போதே அவித்து உலர்த்தப்பட்ட புழுங்கலரிசியின் மணிகள் இறுகிவிடுவதால், அவை எளிதில் குழைவதில்லை.

இனி மிளகு. அதன் காரத்துக்குக் காரணமான பைப்பரின் என்னும் வேதிப்பொருள், 43 பாகைக்கு மேற்பட்ட சூட்டை உணர்வதற்கென்று நரம்பு முனைகளில் அமைந்துள்ள டி.ஆர்.பி.வி.1 என்ற புரதத்தைத் தூண்டுகிறது. மிளகாயின் காரப்பொருளைக் கொண்டு இப்புரதத்தை 1997இல் தம் குழுவினருடன் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸ், 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை ஆர்டெம் படபூட்டியனுடன் பகிர்ந்துகொண்டார். சூடே படாமல் சூடு பட்டதாக நரம்பு அறிவிப்பதால், மிளகு முதலில் தருவது வெப்பத்தின் உணர்வே ஆகும். காரம் மிகுந்தால் முகம் வியர்ப்பதும், சூட்டை வெளியேற்ற உடல் மேற்கொள்ளும் முயற்சிதான். உடலுக்கு உண்மையான வெப்பம், பொங்கலின் கொதிசூட்டிலிருந்தும், அரிசியும் பருப்பும் நெய்யும் செரிக்கும்போது பிறக்கும் ஆற்றலிலிருந்துமே கிடைக்கிறது. இதனால் மிளகின் பெருமை சிறிதும் குறைந்துவிடாது: உறைபனி படியும் காலையில் தொண்டையில் இறங்கும் அந்தக் கதகதப்பு, உண்பவரைத் தேற்றுவதில் வேறெந்தச் சேர்மானத்துக்கும் இளைத்ததன்று.

கேள்வி: முழு மிளகைப் பிள்ளைகள் பொறுக்கி ஒதுக்கிவிடுகிறார்கள். நெய்யையும் குறைக்க வேண்டியிருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: பைப்பரின் நீரில் மிகச் சிறிதளவே கரையும், கொழுப்பில் நன்கு கரையும், எனவே முழு மிளகை ஒதுக்குபவருக்கு அதன் காரத்தில் பெரும்பகுதி சேராமலே போகிறது. மிளகையும் சீரகத்தையும் அன்றன்றே கொரகொரப்பாக இடித்து, இளஞ்சூட்டு நெய்யில் இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயத்துடன் தாளித்தால், குறைந்த நெய்யிலேயே காரமும் மணமும் பொங்கல் முழுவதும் பரவும். முன்கூட்டியே பொடித்து வைத்த மிளகில் எளிதில் ஆவியாகும் நறுமண எண்ணெய்கள் போய்விடுவதால், அது இதற்கு ஏற்றதன்று. குறைத்தே ஆகவேண்டுமென்றால் முந்திரியைக் குறைக்கலாம், நெய்யில் ஒரு பகுதிக்கு நல்லெண்ணெய் சேர்க்கலாம். நெய்யை முற்றிலும் நீக்குவது மட்டும் கூடாது. குளிரில் பொங்கல் விரைவில் இறுகுவது ஆறிய மாவுச்சத்தின் இயல்பாதலால், அதை இளக்க மேலும் நெய் ஊற்றத் தேவையில்லை. கொதிநீர் சிறிது விட்டுக் கிளறினாலே போதும்.