எழும்புங்கோ மாமி

அன்புள்ள தங்கச்சி,

முதல் வேலைச் சுற்றிலேயே முதியோர் வோர்ட்டில் போட்டுவிட்டார்கள், இந்த மாதங்களை எப்படித் தள்ளுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கோயம்புத்தூரில் படித்த காலமெல்லாம் பந்து விளையாடுகிறவர்களின் முழங்காலைப் பார்க்கும் கனவோடு இருந்தவர் நீங்கள். பிசியோவாக வேலை செய்யத் தேவையான ஹெச்சிபிசி பதிவுக்கு அத்தனை காகிதம் அனுப்பி, விசா எடுத்து வந்து, காலையில் முதல் வேலையாக எண்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவரைக் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றுவது சலிப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் இந்த லண்டனில் தொழில் கற்க அந்த வோர்ட்டைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் எண்ணம். இளம் வீரனின் முழங்கால் நீங்கள் தொடாவிட்டாலும் பாதி ஆறிவிடும். எழுபத்தெட்டு வயது மாமிக்கு மூட்டுத் தேய்மானம், சுகர், பிரஷர் மாத்திரை, கண்ணில் புரை, இரவில் நாலு தடவை எழும்பிப் போகிற தொல்லை, போன மாதம் விழுந்த பயம் எல்லாம் ஒரே உடம்பில் இருக்கும். எதை முதலில் தொடுவது என்று முடிவெடுக்கிற இடத்தில்தான் இந்தத் தொழிலின் மூளைவேலை இருக்கிறது.

தமிழ் தெரிந்த பிசியோவுக்கு இங்கே வேலை கழுத்துமட்டும் கிடக்கிறது. இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஈஸ்ட் ஹாமிலும் வெம்பிளியிலும் டூட்டிங்கிலும் வந்து இறங்கியவர்களுக்கு அப்போது முப்பது, முப்பத்தைந்து வயது. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். பகலில் கடை, இரவில் பெற்றோல் ஸ்டேஷன் என்று நின்றே பிள்ளைகளைப் படிக்கவைத்த கால்கள் அவை. கல்லாவில் கதைக்க வேண்டிய ஆங்கிலம் அவர்களுக்கு நன்றாக வரும். தலை சுற்றுகிறதா, கால் தள்ளாடுகிறதா, கண் இருட்டுகிறதா என்று நீங்கள் பிரித்துக் கேட்கும்போது தமிழில்தான் பதில் வரும்.

முதல் வாரத்திலேயே உங்களுக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. மாமி உங்கள் கையைப் பார்ப்பார், எண்ணெய் இல்லை. பையைப் பார்ப்பார், கரண்ட் வைக்கிற மெசின் இல்லை. "கொழும்பிலை எண்டா கரண்ட் பிடிச்சு, உருவியும் விடுவினம் பிள்ளை. இஞ்சை சும்மா எழும்பு, இரு எண்டுறியள்" என்பார். மெழுகுக் குளியலும் ஐஎஃப்டி கரண்டும் அல்ட்ராசவுண்டும் கைப்பழக்கமான உங்களுக்கும் கொஞ்சம் வெறுங்கையாக நிற்பதுபோல் இருக்கும். ஒரு விஷயம் சொல்கிறேன், எங்கள் தொழிலே உருவுவதில் தொடங்கியதுதான். 1894இல் இதே லண்டனில் லூசி ராபின்சன், ரோசலிண்ட் பேஜட், எலிசபெத் மேன்லி, மார்கரெட் பால்மர் என்ற நான்கு தாதியர், பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களுக்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். மசாஜ் என்ற பெயரில் நகரில் நடந்த வேறு வியாபாரத்திலிருந்து தங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது அவர்களுக்கு. அதுதான் வளர்ந்து இன்று உங்களிடம் சந்தா வாங்கும், பிசியோக்களின் சார்ட்டர்ட் சொசைட்டி. ஆகவே மாமி கேட்பதில் வரலாற்றுப் பிழை ஒன்றும் இல்லை. முழங்காலைக் கொஞ்சம் பிடித்துவிடுங்கள், கை பட்டால் நம்பிக்கை வரும். ஐந்து நிமிடத்தில் அதை முடித்துவிட்டுக் காலுக்கு வேலை கொடுங்கள்.

கட்டிலோடு நடந்த பழைய சண்டையையும் தெரிந்து வைத்திருங்கள். அது நடந்தது நீங்கள் பஸ்ஸில் கடந்து போகிற இடங்களில்தான். 1935இல் ஐல்வர்த்திலுள்ள வெஸ்ட் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரி, பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதியின் நோயாளர் பகுதியைப் பொறுப்பேற்றது. 714 பேர். முதியவர்கள், பக்கவாதக்காரர்கள், புத்தி தடுமாறியவர்கள் எல்லாரும் கலந்து கிடந்தார்கள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று விடப்பட்டவர்கள். மார்ஜரி வாரன் என்ற பெண் டொக்டர் ஒவ்வொருவராகப் பரிசோதித்து, இவருக்கு என்ன நோய், இவரால் இன்னும் என்ன முடியும் என்று வகை பிரித்தார். கட்டிலைவிட்டு எழுப்பினார், நடக்க வைத்தார். கணிசமானோர் வீட்டுக்குப் போனார்கள். 1943இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அதை எழுதினார். இந்த நாட்டில் முதியோர் மருத்துவம் என்று ஒரு துறை நிற்பதற்கு முதல் கல் அவர் வைத்தது. நாலு வருடம் கழித்து, 1947இல், பார்க் ராயலில் இருக்கும் சென்ட்ரல் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியின் ரிச்சர்ட் ஆஷர் அதே இதழில், படுத்துக் கிடப்பதால் உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் என்ன கேடு வருகிறது என்று வரிசைப்படுத்தி எழுதினார். இரத்தக்கட்டி, படுக்கைப்புண், எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைவது, மலச்சிக்கல், மனம் சோர்வது என்று ஒன்றையும் விடவில்லை. வெம்பிளி, ஆல்பர்டன் தமிழர்கள் இன்றைக்கும் போய்வருகிற ஆஸ்பத்திரி அது. கட்டுரை சின்னது, சிரிக்கவும் வைக்கும். தேடிப் படியுங்கள்.

வாரனும் ஆஷரும் கண்ணால் கண்டு சொன்னதைப் பின்னால் வந்தவர்கள் அளந்தும் பார்த்துவிட்டார்கள். 2007இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நோய் நொடி இல்லாத முதியவர்களையே 10 நாள் கட்டிலில் வைத்திருந்தார்கள். கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை போயிருந்தது. காய்ச்சலோடும் பசியின்மையோடும் படுத்துக் கிடக்கும் உங்கள் எண்பத்தெட்டு வயதுக்காரர் என்ன ஆவார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரிக்குள் இந்தச் சண்டை முக்கால்வாசி வென்றாகிவிட்டது. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் நடந்தால் மறுநாளே எழுப்ப வேண்டும் என்று நைஸ் மருத்துவ வழிகாட்டியிலேயே இருக்கிறது. நோயாளியின் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்போது நீங்கள் சண்டை பிடிக்கவேண்டியது அங்குள்ள சோபாவோடு. எங்கள் வீடுகளில் வயது போனவர்களுக்குக் காட்டும் மரியாதையே அவர்களை உட்காரவைப்பதுதான். "நீங்கள் இருங்கோ அம்மா, நான் செய்யிறன்." மருமகள் தேத்தண்ணியைக் கைக்குக் கொண்டுவந்து கொடுப்பார், பேரன் ரிமோட்டை எடுத்துக் கொடுப்பான், மகன் வேலைக்குப் போகுமுன் மதியச் சாப்பாட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவான். ஒருவரிலும் குற்றமில்லை, அத்தனையும் அன்பு. ஆறு மாதத்தில் அம்மாவால் சோபாவைவிட்டுத் தனியாக எழும்ப முடியாது. பிறகு எல்லாரும் சொல்வார்கள், "வயசு போட்டுது, என்ன செய்யிறது." வயதின் தலையில் நாம் ஏற்றுகிற பழியில் பாதி சோபாவுக்குச் சேரவேண்டியது.

இதைச் சொல்லும்போது மகனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடாதீர்கள். உங்கள் ஆறு கிழமை வீட்டுச் சிகிச்சை முடிந்த பிறகு அந்த வீட்டில் இருக்கப்போவது அவன்தான். "அம்மாவுக்கு உதவி செய்யாதையுங்கோ" என்றால் மனம் புண்படும். "வெங்காயம் உரிக்கிறதை அம்மாவிட்டைக் குடுங்கோ, நிண்டுகொண்டு உரிக்கட்டும்" என்றால் கேட்பார்கள். கெட்டில் கொதிக்கும்வரை குசினி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிக்காலைத் தூக்கி இறக்கட்டும். சாமியறை மேல்மாடியில் இருந்தால், தயவுசெய்து அதைக் கீழே இறக்கச் சொல்லாதீர்கள். படிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி போடச் சொல்லுங்கள். 2014 கேர் சட்டப்படி 1,000 பவுண்டுக்கு உட்பட்ட சின்ன மாற்றங்களை, தேவை என்று மதிப்பிட்டால், கவுன்சில் இலவசமாகச் செய்து தரவேண்டும். எங்கள் ஆட்கள் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்கள் கேட்க வெட்கப்படுவார்கள்.

நாமும் அதே வளர்ப்பில் வந்தவர்கள் என்பது அடுத்த சிக்கல். "காணும் பிள்ளை, களைச்சுப்போனன்" என்று மாமி சொன்னதும், பெரியவரை வருத்தக்கூடாது என்று நம் வாய் தானாக "சரி மாமி, இருங்கோ" என்றுவிடும். மூச்சையும் முகத்தையும் பாருங்கள். நெஞ்சுவலி, கடும் மூச்சிரைப்பு இல்லாவிட்டால் இன்னும் இரண்டு தடவை எழும்பச் சொல்லுங்கள், அந்தக் கடைசி இரண்டில்தான் மருந்து இருக்கிறது. 1990இல் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோனும் அவர் குழுவினரும் தொண்ணூறு வயதையொட்டிய 10 பேருக்கு, ஒருதடவை தூக்கக்கூடிய உச்ச எடையில் ஏறக்குறைய 80 சதவீதத்தைக் காலால் தூக்கவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களில் மூத்தவருக்கு 96 வயது. 8 வாரத்தில் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இதைப் படித்த பிறகும், கதிரையில் இருந்தபடி கணுக்காலை ஆட்டுகிற பத்துப் படங்கள் கொண்ட தாளை எப்படிக் கையில் கொடுத்துவிட்டு வருகிறோமோ தெரியவில்லை. விழுவதைக் குறைப்பது உறுதியாகத் தெரிந்த விஷயம்: 2019இன் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில் 23 சதவீதக் குறைவு. அதற்கு நின்றுகொண்டு, சமநிலைக்குச் சவால் வரும்படி செய்யவேண்டும், அதுவும் கிழமைக்கு மூன்று மணித்தியாலம் அளவில். உட்கார்ந்து செய்கிற பயிற்சியால் நிற்கப் பழக முடியாது.

எழும்புவதைக் கிட்டநின்று கவனியுங்கள். பெரும்பாலானோர் சோபாவின் ஆழத்திலிருந்தபடியே, முன்னால் நிற்கும் வோக்கரை இழுத்து எழும்பப் பார்ப்பார்கள். வோக்கர் சாயும். முதலில் அரக்கி அரக்கி விளிம்புக்கு வரட்டும். பாதம் முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் போகட்டும். மூக்கு கால்விரலுக்கு மேல் வரும்வரை குனிந்து, கதிரைக் கையை ஊன்றித் தள்ளட்டும். நின்ற பிறகு வோக்கர். சேலைக் கரை பாதத்துக்கு அடியில் மாட்டியிருக்கிறதா பாருங்கள். பளபளக்கும் லமினேட் தரையில் வெறும் காலுறையோடு நடக்கிற பழக்கம் எங்கள் வீடுகளில் ஒரு தனி நோய்.

விழுந்தீர்களா என்று மகளின் முன்னால் கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். ஒப்புக்கொண்டால் ஈலிங் ரோடுக்குத் தனியாக மரக்கறி வாங்கப் போவது அன்றோடு நின்றுவிடும் என்று மாமிக்குத் தெரியும். மகளை ஒரு தேத்தண்ணி போடச் சொல்லி அனுப்பிவிட்டு மறுபடி கேளுங்கள். அப்படியே சிறுநீர் பற்றியும் கேளுங்கள். இரவில் அவசரமாக ஓடும்போது விழுந்தவர்கள் அதை இலேசில் சொல்லமாட்டார்கள், ஆம்பிளையள் இன்னும் மோசம். தலை சுற்றுகிறது என்றால் ஐந்து நிமிடம் படுக்கவைத்து பிரஷர் எடுத்து, நின்ற முதலாம் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மறுபடி எடுங்கள். மேல் எண் 20 இறங்கினால் ஜிபிக்கு எழுதுங்கள். மாத்திரையைச் சரிசெய்யாமல் எத்தனை பயிற்சி கொடுத்தும் அவர் விழுவார்.

தரையை மறக்காதீர்கள். ஊரில் பாயில் படுத்து, சம்மணமிட்டுச் சாப்பிட்டு, திருகுபலகையில் இருந்து தேங்காய் துருவியவர்கள், இங்கே இருபது முப்பது வருடமாகத் தரையைத் தொடவில்லை. விழுந்தால் எழும்பத் தெரியாமல் மணிக்கணக்கில் கிடக்கிறார்கள், முறிவு இல்லாமலே அது உயிருக்கு ஆபத்து. மெத்தை விரித்து, பக்கத்தில் உறுதியான கதிரை வைத்து, இறங்கவும் திரும்பி முழங்காலில் வந்து ஏறவும் பழக்குங்கள். முதல் நாள் கதிரையிலிருந்து ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினால் போதும். முழங்கால் தேய்ந்தவருக்கு அடியில் தலையணை.

இலக்கு என்ன என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். "10 மீற்றர் நடப்பார்" என்று நிரப்பினால் மேலாளருக்குத் திருப்தி, மாமிக்கு அதில் ஒன்றும் இல்லை. நீங்கள் கேளுங்கள். மேற்கு ஈலிங் கனகதுர்க்கை அம்மன் தேருக்கு ஓகஸ்டில் போகவேண்டும் என்பார். அப்படியானால் கணக்கு மாறுகிறது. பஸ் டிரைவர் நீங்கள் இருக்குமுன்னே எடுத்துவிடுவார், அதற்குக் கம்பியைப் பிடித்து நிற்கும் பலம் வேண்டும். தெருவோரத்தில் நெடுநேரம் நிற்கவேண்டும். கூட்டம் இடிக்கும். செருப்பைக் கழற்றி மாட்டவேண்டும். இவை ஒவ்வொன்றும் ஒரு பயிற்சி. மே மாதத்திலேயே தொடங்கினால்தான் கட்டும்.

இன்னொன்று. எந்த வீட்டுக்குப் போனாலும் உடம்பைத் தொடுமுன் ஊன்றுகோலைத் திருப்பி அதன் அடி ரப்பரைப் பாருங்கள். ஐயாமார் தடியைச் சொந்தக்காரரிடம் இரவல் வாங்கி, வருடக்கணக்காக ரப்பர் மாற்றாமல் வைத்திருப்பார்கள். வரி தேய்ந்து மழமழவென்று இருக்கும், மழை நாளில் நடைபாதையில் வழுக்கும். உயரமும் கொடுத்தவரின் உயரத்துக்கு வெட்டியதாக இருக்கும். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது பிடி மணிக்கட்டு மடிப்புக்கு வரவேண்டும். ரப்பர் மலிவு, அளவு மட்டும் தடிக்குத் தடி மாறும். இரண்டு மூன்று அளவில் வாங்கிப் பையில் போட்டு வையுங்கள்.

அன்புடன்,
அக்கா